வேட்டிக் கரைமேல் நடந்த பிள்ளைகள்

அந்தப் படத்தின் பெயர் எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. படச்சுருள் வந்த டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதோ ஒரு நாட்டு எழுத்தில் எழுதியிருந்தது. எந்த நாடு, எந்தச் சண்டை என்று சொல்லவும் ஆளில்லை. ஆனால் மத்தியான வெயிலில் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், அந்தப் படம் ஓட ஆரம்பித்துவிடும். அதில் வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வேட்டியின் பச்சைக் கரைமேல் வரிசையாக நடந்து போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், ஓர் அணைக்கட்டை ஒட்டிய ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. பாலக்கோடு கடைத்தெருவில் என் அத்தா, அதாவது அப்பா, துணிக்கடை வைத்திருந்தார். விடியற்காலையில் கூடை கூடையாகத் தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் பஸ், எட்டு மணிக்குக் காலியாகத் திரும்பும். அதில்தான் நான் போவேன். சீட்டெல்லாம் தக்காளிச் சாறு பிசுபிசுக்கும். துடைத்துவிட்டு உட்காரக் கூடாதா என்று கண்டக்டரோடு தினமும் ஒரு சண்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. "டீச்சர் ஏறிட்டாங்க, யாரும் வாயத் தொறக்காதீங்க" என்று அவர் சத்தமாகவே சொல்வார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை போலிருந்த அணைக்கரை மேல் அரை மைல் நடக்க வேண்டும். காலை வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். எதிர்க் கரையிலிருந்த குன்று தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் இருக்கும். எது நிஜக் குன்று என்று நடக்க நடக்க எனக்கே சந்தேகம் வந்துவிடும். என் கோபமெல்லாம் அந்த அரை மைலில் இறங்கிவிடும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும்.

அணை கட்டும்போது வேலையாட்களுக்காகப் போட்ட தகரக் கொட்டகைகள் அங்கே வெகுநாள் காலியாகக் கிடந்தன. அந்த வருடம் இலங்கையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்களை அரசாங்கம் அங்கே குடிவைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் பன்னிரண்டு பேர் எங்கள் பள்ளியில் சேர்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். அதனால் புதிதாக வந்தவர்களின் தமிழ் யாருக்கும் பெரிய விந்தையாகப் படவில்லை. இரண்டே நாளில் எல்லோரும் ஒன்றாகக் கோலி விளையாடினார்கள்.

ஒரு பெண் மட்டும் வகுப்புக்குள் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு, ஆறு வயது. தினமும் நேரத்துக்கு வருவாள், வாசலுக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் சிலேட்டுப் பலகையோடு உட்காருவாள். உள்ளே கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. நான் தேன்மிட்டாய் காட்டிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். ஒருநாள் பொறுமை போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வாசற்படி வரை வந்தவள் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடினாள்.

பல் பதிந்த கையோடு சாயங்காலம் முகாமுக்குப் போனேன். நியாயம் கேட்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. அவளை வளர்க்கிற சித்தி, ஒல்லியான சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். என் கையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"குறை நினைக்காதேங்கோ டீச்சர். இவள் கூரைக்குக் கீழ இருக்க மாட்டாள். எங்கட வீடு குண்டு விழுந்து இடிஞ்ச நேரம் இவள் கிணத்தடியில நிண்டவள். என்ர அக்கா, இவளின்ர தாய், உள்ளுக்கு நிண்டவ."

கடிபட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அம்மா அடுத்த வள்ளத்தில வருவா எண்டு இவளுக்குச் சொல்லி வச்சிருக்கிறன். கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

சரி என்றேன். நான் கோபக்காரியே தவிரப் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனாலும் அடுத்த வாரமே மரத்தடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா படகுல வந்துட்டு இருப்பாங்க" என்றேன். அவள் அதற்கும் அதே மாதிரி தலையை ஆட்டினாள்.

முகாமிலும் அவள் கொட்டகைக்கு வெளியில்தான் படுப்பாளாம். சித்தியும் பாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். புரட்டாசியில் ஒருநாள் தூறலில் நனைந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது நர்சம்மா என்னைத் தனியாக அழைத்து, "மார்ல சளி கட்டியிருக்குதுங்க. இன்னொரு மழைல நனைஞ்சா இந்தப் புள்ள தாங்காது, பாத்துக்கங்க" என்றார். ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. மழை வருவதற்குள் இவளை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தப் பத்து நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பஸ்ஸில் சண்டை போடக்கூட மறந்துபோனேன்.

அப்போதுதான் படம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை தர்மபுரியிலிருந்து ஒரு ஜீப் வந்து பள்ளிகளுக்குப் படம் காட்டும். மாட்டுக்குத் தடுப்பூசி, கை கழுவுவது, அதிகம் போனால் கோழிப் பண்ணை. அந்த வருடம் சண்டையில் சிக்கிய சின்னப் பிள்ளைகளைப் பற்றிய வெளிநாட்டுப் படம் என்றார்கள். தமிழும் இல்லை, அடியில் எழுத்தும் ஓடாது. கதைச்சுருக்கம் என்று, படத்தின் பெயரோ நாட்டின் பெயரோ இல்லாமல், ஆங்கிலத்தில் ஒரு தாள் முன்கூட்டியே வந்திருந்தது. தலைமையாசிரியர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீதாம்மா இங்கிலீஷ் படிச்சவ. மைக்கப் புடிச்சு அப்பப்ப கதையச் சொல்லிடு."

படித்துப் பார்த்தேன். ஆற்றங்கரையில் ஒரு வீடு. அம்மா, ஒரு பெண், ஒரு சின்னப் பையன். விமானம் வருகிறது. வீடு போய்விடுகிறது, அம்மாவும் போய்விடுகிறாள். பிள்ளைகள் இருவரும் இடிந்த கட்டடம் ஒன்றில் மற்றப் பிள்ளைகளோடு வாழ்கிறார்கள், சுவரில் கரியால் படம் வரைகிறார்கள். அவ்வளவுதான் கதை.

"சார், நம்ம கிட்ட வந்திருக்கிற புள்ளைங்களுக்கு இதையா போட்டுக் காட்டுவீங்க? உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்று கத்தினேன்.

அவர் நல்ல மனிதர்தான், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. "மேல இருந்து அனுப்பியிருக்காங்கம்மா. சினிமான்னா புள்ளைங்க சந்தோசப்படும். நீ கொஞ்சம் பதமாச் சொல்லேன்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் பள்ளிக்கு மின்சாரம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். அங்கே பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் கரண்ட் வரும். அதனால் படம் பட்டப்பகலில். இருட்டாக்குவதற்கு அத்தா கடையிலிருந்து புர்கா தைக்கிற கறுப்புத் துணி ஒரு கட்டு வாங்கி வந்தேன். "ஆணி கீணி அடிச்சு ஓட்டை போட்டுட்டு வந்தே, அத்தனையும் நீதான் தச்சுப் போட்டுக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆகவே ஆணி அடிக்காமல் ஜன்னல்களின் மேல் விளிம்பில் துணியை மடித்துப் போட்டுக் கல்லை வைத்தோம். அணைப் பக்கமிருந்து காற்று வந்தால் துணி மெல்ல எழும்பும், அறைக்குள் வெயில் வந்து போகும். படம் காட்டும் திரை கிழிந்திருந்ததால் தலைமையாசிரியர் மாற்று வேட்டி ஒன்றைக் கொடுத்தார். பச்சைக் கரை கீழே வரும்படி கட்டினோம்.

ஜீப் பள்ளி வரை வரவில்லை. வழியிலிருந்த வாய்க்காலில் தண்ணீர் அதிகம். படம் காட்டுகிற பெரியவர் அக்கரையில் நின்று கையை ஆட்டினார். பருத்த உடம்பு, தோளில் ஈரத் துண்டு. மிஷினை அவரும் டிரைவரும் சுமந்து வந்தார்கள். மூன்று படப் பெட்டிகளையும், தகர டப்பாக்கள்தான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டு நான் எடுத்துவரச் சொன்னேன். ஜீப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலைமேல் வைத்து, முழங்கால் தண்ணீரில் வரிசையாக வந்தார்கள். வந்த வரிசைப்படியே மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

கூரைக்கு அடியில் அறுபது பிள்ளைகள். கதவு மட்டும் திறந்தே இருந்தது. அதையும் மூடத்தான் வேண்டும் என்றார் படக்காரர். நான் மூட விடவில்லை. மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. ஒரு சுவர். இடிந்த சுவர். அதில் ஒரு பெண் கரியால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

கையிலிருந்த கதைச்சுருக்கத் தாளைப் பார்த்தேன். இது கடைசியில் வர வேண்டியது. மேலே இருந்த டப்பாவை எடுத்துப் போட்டிருக்கிறார். ஜீப்பில் அடியில் இருந்தது இங்கே மேலே வந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது வாசல் பக்கம் பார்த்தேன். ஜன்னல்களில் துணி இருந்ததால் மரத்தடியிலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எழுந்து வந்து வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்றிருந்தாள். மற்றக் கால் வெயிலில் இருந்தது.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. எது என்னை அப்படிச் செய்ய வைத்தது என்று கேட்டால் அந்த ஒரு கால்தான்.

"இவங்க வூடு கொஞ்ச நாள் முன்னாடி இடிஞ்சு போச்சு. திரும்பக் கட்டப் போறாங்க. அதுவரைக்கும் இங்க தங்கியிருக்காங்க" என்று மைக்கில் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அந்த நாட்டுப் பிள்ளைகள் கிழிந்த கோட்டுகளோடு எங்கள் தலைமையாசிரியரின் வேட்டிக் கரைமேல் நடந்தார்கள். காற்று வரும், துணி எழும்பும், வெயில் பாயும், பிள்ளைகள் கரைந்து போவார்கள். வெறும் வேட்டி தொங்கும். துணி இறங்கும், பிள்ளைகள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது டப்பாவில் விமானம் வந்தது. முதலில் சத்தம்தான். அந்தச் சத்தம் வந்த நொடியில் முகாம் பிள்ளைகளில் பதினொரு பேரும் தரையில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவரும் அழவில்லை, கத்தவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை விளையாட்டென்று நினைத்துத் தாங்களும் படுத்துக்கொண்டார்கள். அறை முழுக்கப் பிள்ளைகள் தரையில் கிடக்க, தலைமையாசிரியர் மட்டும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சத்தத்த நிறுத்துங்க! நிறுத்துங்க பெரியவரே!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய் ஒலியை அணைத்தார். அதன் பிறகு படம் ஊமையாக ஓடியது. மிஷினின் கடகடப்பு மட்டும். இந்தப் பாவத்தைச் செய்ய எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வாசலில் இருந்தவள் மட்டும் படுக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூரையைப் பார்த்தாள். ஓடு ஓடாக, மூலை மூலையாக வெகுநேரம் பார்த்தாள்.

மூன்றாவது டப்பாவில் வீடு வந்தது. ஆற்றங்கரையில் முழு வீடு. கொடியில் துணி உலர்கிறது. அம்மா வாசலில் உட்கார்ந்து பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள். பையன் வாத்தைத் துரத்துகிறான். தரையில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

"பாருங்க, வூட்டத் திரும்பக் கட்டிட்டாங்க. அம்மாவும் திரும்பி வந்துட்டாங்க" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். வாத்து ஓடியதற்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் உள்ளே வந்தாள். பிள்ளைகளின் கால்களைத் தாண்டித் தாண்டி நடந்து முன்வரிசைக்குப் போய், வேட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். படத்தில் அம்மா பின்னலை முடித்து ரிப்பன் கட்டுகிற வரைக்கும் நான் இவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. துணிகளை விலக்கினோம், மத்தியானம் திரும்பி வந்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே ஓடினார்கள். படக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், தப்பு நடந்துபோச்சுங்க. மேல இருக்கிற டப்பாதான் முதல் டப்பா, இதுதாங்க என் வழக்கம். டப்பாவ யாரையும் தொட விடமாட்டேன். இன்னைக்குப் புள்ளைங்க தூக்கியாந்ததுல அடி மேலயும் மேல அடியுமா ஆயிப்போச்சுங்க. நீங்க எப்படியோ சமாளிச்சுட்டீங்க."

"சத்தமாச் சொல்லாதீங்க" என்றேன். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்து வெறும் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு அடியில், வாசலிலிருந்து வெகுதூரம் உள்ளே. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, "படம் நல்லாருந்துச்சா?" என்றேன்.

"பிழையாப் போட்டிட்டினம் டீச்சர்" என்றாள்.

"என்ன பிழை?"

"வீடு முதல் இருக்கும். பிறகுதான் இல்லாமப் போகும். பிறகு வராது." என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கூட்டல் கணக்கில் தப்பைக் காட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அந்த அம்மா திரும்பி வரேல்ல. அவ முதலே வந்து போனவ."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பல் தடம் அப்போதே மறைந்திருந்தது. ஆனாலும் அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"கடைசிப் பெட்டிய மட்டும் இன்னொருக்காப் போடச் சொல்லுங்கோ டீச்சர்."

மூன்று மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. டிரைவர் முணுமுணுத்தார், அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்றார். படக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திறந்தார். நானும் அவரும் ஜன்னல்களில் துணியை மறுபடி போட்டோம். மைக்கை நான் தொடவில்லை. வீடு வந்தது, கொடியில் துணி உலர்ந்தது, வாத்து ஓடியது, அம்மா தலை பின்னினாள். அணைக் காற்று வந்து ஒருமுறை எல்லாவற்றையும் வெயிலாக்கிவிட்டுப் போனது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அம்மா திரும்ப வந்து ரிப்பனைக் கட்டி முடித்தாள். வீட்டுக்குள் விளக்கு வைக்க எழுந்து போனாள். அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அவள் என் காதருகில் வந்தாள்.

"டீச்சர், சித்தியிட்டச் சொல்லாதேங்கோ."

"எதை?"

"அம்மா வரமாட்டா எண்டு. சித்தி பாவம். அடுத்த வள்ளத்தில வருவா எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

சொல்ல மாட்டேன் என்றேன்.

மறுநாள் அவள் மறுபடி மரத்தடிக்கே போனாள். அதற்கடுத்த நாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். இடி இடித்தபோதெல்லாம் ஓடுகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, சினிமான்னா புள்ளைங்க சந்தோசப்படும்னு சொன்னேன்ல" என்றார். எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மழை சற்று விட்டிருந்த ஒரு சாயங்காலம் முகாமுக்குப் போனேன். இப்போது கொட்டகைக்கு உள்ளேதான் படுக்கிறாள் என்று சித்தி சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கியது. தகரத்தின் மேல் மிச்சத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. என்னை அணைக்கரை வரை கொண்டுவந்து விட்டவள், திரும்பிப் போகுமுன் தயங்கி நின்றாள்.

"டீச்சர், உங்களிட்ட ஏதும் கதைச்சவளா? தாய் வருவா எண்டு பிள்ளை இன்னும் நம்புறாளா?"

தண்ணீரில் குன்று தெரியவில்லை, மழை கலக்கியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன், அவர்கள் பேச்சிலேயே. "நம்புறா."